குறுகி விரியும் நிலங்களைச் சரிபாகம் செய்யும் கணக்கு

உடன்பிறந்தார் இருவர் தகப்பனாருடைய பூமியைப் பாகித்துக் கொள்ளும்பொழுது, நிலம் நீண்ட சதுரமாயிருக்குமானால் தகராறு ஒன்றும் எழுவதில்லை. நீளத்தை அளந்து, நடுவில் முளையடித்து, கயிறு பிடித்து வரப்புப் போட்டு விடுகிறார்கள். ஆற்றோரம், வாய்க்காலோரம், ஏரிக்கரையடி முதலிய இடங்களிலுள்ள பூமிகளோ ஒரு புறம் குறுகியும் மறு புறம் விரிந்தும் கிடப்பது சாதாரணம். அவற்றையும் அதே பழக்கத்தின்படி நீளத்தில் சரிபாதியாக வெட்டி, "வடபாதி மூத்தவருக்கு, தென்பாதி இளையவருக்கு" என்று பத்திரம் எழுதிக் கொள்ளுகிறார்கள். அன்றைய தினம் இருவருக்கும் திருப்திதான். அடுத்த போகத்தில் நடவுக்கு நாற்று முடிகளை எடுத்து வைக்கும்பொழுது ஒருவருக்கு முடி மிஞ்சுகிறது, மற்றவருக்குப் போதவில்லை. அறுவடையில் கண்டுமுதலைப் பார்க்கையில் சந்தேகம் உறுதியாகிறது. அதன் பின் மறு அளவை, பஞ்சாயத்து, வழக்கு என்று காலமும் பணமும் செலவாகின்றன. பேச்சுவார்த்தையும் நின்று விடுகிறது.

இவ்வகைத் தகராறுகளில் பல, எவரும் வஞ்சகம் செய்ததால் உண்டானவையல்ல. கணக்குப் பிழையே அவற்றுக்குக் காரணம். அப்பிழையைத் திருத்துவதற்கு வேண்டிய கருவி, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபடிச் சமன்பாடு என்னும் பெயரால் கற்கும் வர்க்க சமீகரணமேயாகும். பரீட்சை முடிந்தவுடன் அதை மறந்து விடுவது வழக்கமாயிருக்கிறது. சொந்த நிலத்தின் மேல் ஒரு முறை அதை வைத்துப் பார்த்தவர் மறப்பது அரிது.

நடுவில் வெட்டினால் நேருவது

உதாரணமாக ஒரு நன்செய் நிலத்தை எடுத்துக் கொள்ளலாம். அதன் வடக்கு வரப்பு 70 அடி. தெற்கு வரப்பு 170 அடி. இவ்விரண்டு வரப்புகளும் கிழமேலாக, ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லுகின்றன. அவற்றினிடையே நேர் குறுக்காக அளந்த தூரம் 300 அடி. கீழ் வரப்பும் மேல் வரப்பும் வளைவின்றி நேர்க்கோடாய்ச் சாய்ந்து செல்லுகின்றன. இவ்வுருவத்திற்குப் பள்ளிப் புத்தகங்களில் சரிவகம் என்று பெயர்.

இரண்டு அகலங்களையும் கூட்டிப் பாதியாக்கினால் 120. அதை 300ஆல் பெருக்கினால் விஸ்தீரணம் 36,000 சதுர அடி. தஞ்சைப் பகுதியின் பழைய வழக்கில் 12 அடிச் சதுரம் ஒரு குழியும், 100 குழி ஒரு மாவும் ஆகையால், இந்நிலம் சரியாக 250 குழி, அதாவது இரண்டரை மா. ஏக்கர்க் கணக்கில் 82.6 சென்ட்; பட்டாவில் எழுதும் முறையில் ஏறக்குறைய 33.4 ஏர்.

இதை நீளத்தின் நடுவில், வடக்கிலிருந்து 150 அடியில் வெட்டினால், வெட்டுமிடத்து அகலம் 120 அடியாகும். வடபாகம் 70க்கும் 120க்கும் சராசரியாகிய 95ஐ 150ஆல் பெருக்கிய 14,250 சதுர அடி. தென்பாகம் 120க்கும் 170க்கும் சராசரியாகிய 145ஐ 150ஆல் பெருக்கிய 21,750 சதுர அடி. வடபாகத்துக்காரருக்கு நியாயமாகச் சேர வேண்டியது 18,000 சதுர அடி. அதில் 3,750 குறைகிறது. அது 26 குழி, அல்லது 8½ சென்டுக்கு மேல். இந்த நஷ்டம் ஒரு போகத்தோடு ஒழிவதன்று. அவருக்குப் பின் அவர் மக்களுக்கும் தொடர்ந்து வரும்.

அப்படியாயின் எந்த இடத்தில் வெட்டுவது? தெற்கே கொஞ்சம் தள்ளி வெட்ட வேண்டுமென்பது எவருக்கும் புலனாகும். எவ்வளவு தள்ளுவது என்பதே கேள்வி. இங்கே திரைராசிகம், அதாவது "இத்தனைக்கு இத்தனையானால் அத்தனைக்கு எத்தனை" என்னும் கணக்கு உதவாது. வெட்டும் கோட்டைத் தெற்கே நகர்த்த நகர்த்த, வடபாகத்தின் நீளம் மட்டுமன்று, அகலமும் கூடிக்கொண்டே போகிறது. கூடும் இரண்டு அளவுகள் ஒன்றையொன்று பெருக்குவதால் அங்கே வர்க்கம் தோன்றுகிறது. நில அளவைக் கணக்கில் வர்க்க சமீகரணம் நுழையும் வாசல் இதுவே.

தெரியாத தூரத்தைக் கண்டுபிடித்தல்

தெரியாத தூரத்துக்கு ஒரு பெயர் வேண்டும். பாஸ்கராசாரியார் 1150ஆம் ஆண்டில் இயற்றிய நூலின் பீஜகணிதப் பகுதியில், தெரியாத தொகையை "யாவத் தாவத்" என்று சொல்லி, "யா" என்று சுருக்கி எழுதும் வழக்கம் காணப்படுகிறது. அவ்வெழுத்தையே இங்கும் வைத்துக் கொள்ளலாம். வடக்கு வரப்பிலிருந்து வெட்டும் கோடு வரையுள்ள தூரம் "யா" அடி என்க.

300 அடி நீளத்தில் அகலம் 70லிருந்து 170 ஆக, 100 அடி கூடுகிறது. எனவே மூன்றடிக்கு ஓரடி வீதம் அகலம் ஏறுகிறது. "யா" அடி சென்ற இடத்தில் அகலம் 70உடன் யாவில் மூன்றிலொரு பங்கு சேர்ந்ததாகும். வடபாகத்தின் சராசரி அகலம் 70உடன் யாவில் ஆறிலொரு பங்கு. அதை யாவால் பெருக்கினால் 18,000 வர வேண்டும். பின்னத்தை நீக்குவதற்காக இரு புறத்தையும் ஆறால் பெருக்கினால் கிடைக்கும் சமீகரணம்:

யா² + 420 யா = 1,08,000

இதை விடுவிக்கச் சூத்திரம் மனப்பாடமாயிருக்க வேண்டுவதில்லை. ஒரு குச்சியால் தரையில் படம் போட்டாலே போதும். யா அடிச் சதுரம் ஒன்று வரைக. அதன் பக்கத்தில் 420 அடி நீளமும் யா அடி அகலமுமுள்ள பட்டை ஒன்று இருப்பதாக எண்ணுக. இரண்டும் சேர்ந்து 1,08,000. அந்தப் பட்டையை 210 அடி வீதம் இரண்டு துண்டாக்கி, ஒன்றைச் சதுரத்தின் கீழ்ப்புறத்திலும் மற்றொன்றைத் தென்புறத்திலும் ஒட்டி வைத்தால், ஒரு பெரிய சதுரம் மூலையில் மட்டும் குறைவுபட்டு நிற்கும். குறையும் மூலை 210 அடிச் சதுரம். அதன் விஸ்தீரணம் 44,100. அதையும் சேர்த்து நிரப்பினால் பெரிய சதுரம் 1,52,100 ஆகிறது. அதன் வர்க்கமூலம் 390. பெரிய சதுரத்தின் பக்கம் யாவும் 210ம் சேர்ந்தது. ஆகவே யா என்பது 180.

வடக்கிலிருந்து 180 அடியில் வெட்ட வேண்டுமென்பது விடை. அவ்விடத்து அகலம் 130 அடி. சோதித்துப் பார்க்கலாம்: வடபாகம் 70க்கும் 130க்கும் சராசரி 100, அதை 180ஆல் பெருக்க 18,000. தென்பாகம் 130க்கும் 170க்கும் சராசரி 150. மீதி நீளம் 120ஆல் பெருக்க அதுவும் 18,000. ஒரு குழிகூட மிச்சமுமில்லை, குறைவுமில்லை.

மூலையை நிரப்பும் இம்முறையைப் படத்தோடு விளக்கி எழுதியவர், ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி என்னும் கணித அறிஞர். அல்ஜீப்ரா என்னும் பெயரே அவருடைய நூலின் தலைப்பிலிருந்து பிறந்தது. அந்நூல் எதற்குப் பயன்படும் என்று அவர் முகவுரையில் கூறும் காரியங்களுள் வாரிசுப் பங்கு, பாகப்பிரிவினை, நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவை சேர்ந்திருக்கின்றன. நூலின் பெரும்பகுதி வாரிசுக் கணக்குகளுக்கே செலவாகிறது. பாடசாலைகளில் இக்கணிதம் நிலத்தை விட்டுப் பிரிந்து வெறும் எழுத்துக் கணக்காகிப் போனது விசனிக்கத்தக்கது.

விலக்க வேண்டிய இரண்டாம் விடை

வர்க்க சமீகரணத்துக்கு இரண்டு விடைகள் உண்டு. 1,52,100க்கு 390 மட்டுமன்று, கழித்தல் 390ம் வர்க்கமூலமாகும். அதன்படி யா என்பது கழித்தல் 600 ஆகிறது. வடக்கு வரப்புக்கு அப்பால் 600 அடி என்று பொருள்படும் இவ்விடையைக் கண்டு கணக்கே தவறென்று சிலர் மயங்குவர். அது தவறன்று. கீழ் வரப்பையும் மேல் வரப்பையும் வடக்கு நோக்கி நீட்டிக் கொண்டே போனால், 210 அடியில் அவை ஒன்றையொன்று தொட்டு ஒரு முனையாகின்றன. அதற்கும் அப்பால் ஒன்றையொன்று கடந்து மறுபடி விரிகின்றன. 600 அடி தூரத்தில் அவற்றின் இடைவெளி மீண்டும் 130 அடியாகிறது. கணக்குக்கு அந்த இடமும் சம்மதமே. அது அடுத்தவர் பூமியாகையால் பாகஸ்தர்களுக்குச் சம்மதமாகாது. விலக்கி விட வேண்டும்.

இவ்விரண்டாம் விடையை ஆராய்ந்ததில் ஓர் இலாபம் உண்டு. நிலத்தின் பக்கங்கள் கூடும் முனையைக் கண்டு கொண்டோமானால், முனையிலிருந்து எந்த வரப்பு வரையும் உள்ள முக்கோணத்தின் விஸ்தீரணம் அவ்வரப்பின் அகலத்தினுடைய வர்க்கத்துக்குத் தக்கபடியே ஏறுகிறது என்பது விளங்கும். 70க்கு வர்க்கம் 4,900. 170க்கு வர்க்கம் 28,900. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள எண் 16,900. அதன் வர்க்கமூலம் 130. ஆகவே சமீகரணத்தை முழுதும் எழுதாமலே நடு வரப்பின் அகலத்தைக் கண்டு விடலாம்: இரு கோடி வரப்புகளின் வர்க்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டியதே. அகலம் தெரிந்த பின் தூரம் காண்பது திரைராசிகக் கணக்கு. 100 அடி ஏற 300 அடி நீளமானால், 70லிருந்து 130க்கு 60 அடி ஏற 180 அடி.

இந்த உண்மை மிகப் பழமையானது. ஈராக் தேசத்தில் பண்டைய நிப்பூர் நகரத்தில் கிடைத்ததும், அக்காத் அரசர் காலத்தைச் சேர்ந்ததுமான ஒரு களிமண் ஏட்டில், ஒரு புறம் 17 முழமும் மறு புறம் 7 முழமும் உடைய சரிவகத்தை ஒரு குறுக்குக் கோடு இரண்டாகப் பிரிக்கும் படம் கீறப்பட்டிருக்கிறது. அவ்வேட்டுக்கு வயது 4,000 ஆண்டுகளுக்கு மேல். 7, 17 என்ற எண்களைப் பொறுக்கியெடுத்தது தற்செயலன்று. அவற்றின் வர்க்கங்களுக்கு நடுவெண் 169, அதன் மூலம் பின்னமில்லாத 13. இக்கட்டுரையின் உதாரணமும் அவ்வெண்களைப் பத்தால் பெருக்கியதேயாகும். பிற்காலத்துப் பாபிலோனிய ஏடுகளில் உடன்பிறந்தார் நிலம் பாகித்துக் கொள்ளும் கணக்குகள் பல உள. மனிதர் மிகப் பழங்காலத்திலேயே பாகப்பிரிவினைக் கணக்கையும் களிமண்ணில் எழுதி வைக்க நேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

மூன்று பங்கும் முக்கோண நிலமும்

கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கும் உரிமை வழங்கும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இலும், நாடெங்கும் 2005இலும் சட்டமாயிற்று. ஆகவே இரண்டாகப் பிரிந்து வந்த நிலங்கள் மூன்றாகவும் நான்காகவும் பிரிகின்றன. அதற்கும் இதே முறை போதும். 4,900க்கும் 28,900க்கும் உள்ள வித்தியாசம் 24,000. அதை மூன்றாகப் பங்கிட்டால் 8,000. முதல் பிரிவு வரப்பின் வர்க்கம் 12,900, இரண்டாவதன் வர்க்கம் 20,900. அகலங்கள் முறையே 113.6 அடி, 144.6 அடி. வடக்கிலிருந்து அவற்றின் தூரம் ஏறக்குறைய 130.7 அடி, 223.7 அடி. ஆகவே மூன்று பங்குகளின் நீளம் 130.7, 93, 76.3 அடி என்றாகிறது. பார்வைக்கு ஒன்றுக்கொன்று பொருந்தாத அளவுகளாயினும், ஒவ்வொன்றும் 12,000 சதுர அடியேயாகும். ஒருவருக்கு இரண்டு பங்கும் மற்றவருக்கு ஒரு பங்கும் சேர வேண்டியிருந்தால், இவ்விரு கோடுகளில் ஒன்றை மட்டும் போட்டுக் கொள்ளலாம்.

ஒரு கோடி முனையாகவே முடிந்து விடும் முக்கோண நிலத்தில் பிழை இன்னும் பெரிது. அதை நீளத்தின் பாதியில் வெட்டினால் முனைப்பக்கத்தாருக்குக் கிடைப்பது பாதியன்று, காற்பங்குதான். முனையிலிருந்து நீளத்தில் 1,000க்கு 707 வீதம் சென்ற இடமே சரிபாதி. கையில் கணக்கிடும் கருவி இல்லாதபொழுது "பத்துக்கு ஏழு" என்று வைத்துக் கொண்டாலும், முனைப்பக்கத்துக்கு 100க்கு 49 பங்கு வந்து விடும். பத்துக்கு ஐந்தென்று வெட்டியதை எண்ணிப் பார்க்க, இது எவ்வளவோ மேல்.

வர்க்கமூலம் எப்பொழுதும் 130 போல முழுதாக வருமென்று எதிர்பார்க்கலாகாது. இக்காலத்தில் கைத்தொலைபேசியிலுள்ள கருவியே அதைச் சொல்லி விடும். அது இல்லாவிடினும், ஊகித்து வகுத்துச் சராசரி எடுக்கும் பழைய முறை சுலபமானது. 90 அடியும் 150 அடியும் உடைய வரப்புகளுக்கு நடுவெண் 15,300. மூலம் 120 என்று ஊகிக்க. 15,300ஐ 120ஆல் வகுக்க 127.5. இரண்டுக்கும் சராசரி 123.75. மறுபடி வகுத்துச் சராசரி எடுக்க 123.69. கால் அடிக்குக் குறைந்த பிழை நிலத்தில் முளையடிக்கும்பொழுதே மறைந்து விடுமாகையால், இதற்கு மேல் போக வேண்டுவதில்லை.

வேலிக் கம்பியும் பண்ணைக் குட்டையும்

பாகப்பிரிவினையைத் தவிர வேறு இரண்டு காரியங்களிலும் இக்கணக்கு பணத்தை மிச்சப்படுத்தும். ஒரு குடியானவரிடம் 400 அடிக்குப் போதுமான கம்பியும் கல்தூண்களும் இருக்கின்றன என்க. வாய்க்கால் கரையை ஒரு பக்கமாக வைத்துக் கொண்டு, மற்ற மூன்று பக்கமும் வேலியடைத்து, கன்று நடுவதற்கு 19,200 சதுர அடி வளைக்க விரும்புகிறார். கரையிலிருந்து உள்ளே செல்லும் பக்கம் யா அடியானால், கரைக்கு இணையான பக்கம் 400இல் இரண்டு யாவைக் கழித்தது. பெருக்கிச் சுருக்கினால் வரும் சமீகரணம் யா² + 9,600 = 200 யா. இதற்கு 80, 120 என இரண்டு விடைகள். முன்போல் ஒன்றை விலக்க வேண்டுவதில்லை, இரண்டும் மெய்யே. 80 அடி உள்ளே சென்று 240 அடி நீளமாகவும் அடைக்கலாம். 120 அடி உள்ளே சென்று 160 அடி நீளமாகவும் அடைக்கலாம். கரையோரம் தண்ணீர் பாய்ச்ச வசதியான உருவம் எதுவோ அதைத் தெரிந்து கொள்வது சொந்தக்காரரின் விருப்பம்.

அவரே அரை ஏக்கர், அதாவது 21,780 சதுர அடி வேண்டுமென்று கேட்டால், யாவில் 100ஐக் கழித்ததின் வர்க்கம் கழித்தல் 890 என்று கணக்கு முடிகிறது. எந்த எண்ணின் வர்க்கமும் சுழியத்துக்குக் கீழே போகாது. ஆகையால் 400 அடி வேலியைக் கொண்டு எப்படி வளைத்து நீண்ட சதுரமாக்கினாலும் அரை ஏக்கர் அடைபடாது; 100க்கு 200 அடியாக 20,000 சதுர அடியே எல்லை. அரை ஏக்கருக்குக் குறைந்தது 417½ அடி வேலி வேண்டும். இன்னும் 18 அடிக் கம்பி வாங்க வேண்டுமென்பதைத் தூண் நடுவதற்கு முன்பே இது தெரிவிக்கிறது. விடை இல்லை என்று கணக்கு சொல்லுவதும் ஒரு விடைதான்.

பண்ணைக் குட்டை வெட்டுவோருக்கு வேறொரு வகை. 100 அடி நீளமும் 60 அடி அகலமும் உள்ள இடத்தில், நாற்புறமும் ஒரே அகலமாகக் கரை விட்டு, வாய் மட்டத்தில் 3,200 சதுர அடி நீர்ப்பரப்பு அமைய வேண்டுமானால் கரை எத்தனை அடி? கரையின் அகலம் யா என்றால் இரண்டு புறமும் சேர்த்து இரண்டு யா குறையும். முடிவில் யா² + 700 = 80 யா என்று வந்து, 10ம் 70ம் விடைகளாகின்றன. இரண்டும் கூட்டல் எண்களேயாயினும், 60 அடி அகலமான இடத்தில் 70 அடிக் கரை விடுவதெப்படி? பத்தடியே விடை. இரண்டு விடைகளுள் எது பொருந்துமென்பதைக் காகிதம் சொல்லாது; இடத்தைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

அளவெடுப்பதில் கவனிக்க வேண்டியவை

கணக்கு எவ்வளவு சரியாயிருந்தாலும், அளவு பிழையானால் பயனில்லை. எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி ஒன்றோடொன்று பெருக்கும் பழைய முறை பல ஊர்களில் வாய்க்கணக்காக வழங்குகிறது. 628ஆம் ஆண்டில் நூல் செய்த பிரம்மகுப்தரே இதை ஸ்தூலக் கணக்கு என்று சொல்லிச் சூட்சுமக் கணக்கினின்றும் பிரித்து வைத்தார். மேலே சொன்ன நிலத்தில் சாய்ந்த வரப்புகள் இரண்டும் சமமாயிருந்தால், ஒவ்வொன்றும் சுமார் 304 அடி இருக்கும். அதை நீளமாக வைத்துப் பெருக்கினால் விஸ்தீரணம் ஏறக்குறைய 3½ குழி அதிகமாகக் காட்டும். இம்முறையில் பிழை எப்பொழுதும் அதிகத்திலேயே முடியும், குறைவாய்க் காட்டாது. விற்பவருக்கு அது பிடித்தமாயிருப்பதில் ஆச்சரியமில்லை.

நீளத்தை நேர் குறுக்காக அளப்பது வயலில் சிரமமானால், வேறு வழியுண்டு. 300 அடிக்கு 180 அடி என்பது ஐந்தில் மூன்று பங்கு. சாய்ந்த வரப்புகள் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து, வடகோடியிலிருந்து ஐந்தில் மூன்று பங்கு சென்ற இடத்தில் முளையடித்தால் போதும். 304 அடி வரப்பில் அது சுமார் 182½ அடி. இரண்டு முளைகளுக்கும் குறுக்கே நாடாவைப் பிடித்தால் 130 அடி இருக்க வேண்டும். இல்லையேல் எங்கோ அளவு பிசகியிருக்கிறது. அல்லது வடக்கு வரப்பும் தெற்கு வரப்பும் இணையாயில்லை. இணையாயில்லாத நிலத்துக்கு இக்கணக்கை அப்படியே உபயோகிக்கலாகாது. மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரண்டு முக்கோணமாக்கி, அவற்றைத் தனித்தனியே அளந்து கொள்ள வேண்டும்.

அடி, மீட்டர், லிங்க் இவற்றுள் எதை வேண்டுமானாலும் உபயோகிக்கலாம். ஆனால் ஒரே கணக்கில் இரண்டைக் கலக்கக் கூடாது. 1620ஆம் ஆண்டளவில் ஆங்கில நாட்டுக் கணித ஆசிரியர் எட்மண்டு கண்டர் ஏற்படுத்திய 66 அடிச் சங்கிலி 100 லிங்க் கொண்டது. 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட். பழைய புலப்படங்களில் லிங்க் கணக்கும், பிற்காலத்தவற்றில் மீட்டர்க் கணக்கும் இருப்பதால், பாகப் பத்திரம் எழுதுவோர் படத்தின் அளவு எதில் உள்ளதென்பதை முதலில் நிச்சயித்துக் கொள்வது நலம். கர்ணம் பதவி தமிழ்நாட்டில் 1980இல் எடுபட்ட பின்னர், கிராமக் கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கின்றன. புலப்பட நகலைக் கையில் வைத்துக் கொண்டு, முளையடிப்பதற்கு முன்பே அவரோடு கலந்து கொள்வது பின்னால் உட்பிரிவு செய்யும்போது உதவும்.

விஸ்தீரணம் சமமானால் மதிப்பும் சமமாகி விடாது என்பதையும் மறக்கலாகாது. மடைத்தலையிலுள்ள பாகமும் கடைமடையிலுள்ள பாகமும் ஒரே விலை பெறுவதில்லை; உவர் தட்டிய மூலையும் நல்ல வண்டலும் ஒன்றாகா. அவ்வேறுபாட்டைப் பாகஸ்தர்கள் தாங்களே பேசி, இத்தனை குழி விட்டுக் கொடுப்பதென்று முடிவு செய்து கொண்டால், அந்த முடிவின்படி கோட்டை எங்கே போடுவதென்று சொல்ல இதே சமீகரணம் உதவும். 18,000 என்ற இடத்தில் ஒப்புக்கொண்ட தொகையை வைத்தால் போதும். பேச வேண்டியதைப் பேசாமல் விட்டு விட்டு, கணக்கின் மேல் பழி போடுவதில் பயனில்லை.

புதிய வரப்பும் இடம் பிடிக்கும். 130 அடி நீளத்தில் இரண்டடி வரப்புப் போட்டால் 260 சதுர அடி, ஏறக்குறைய 1¾ குழி போய் விடும். முளைக்கோடு வரப்பின் நடுவில் அமையும்படி, ஒவ்வொருவர் பக்கத்திலிருந்தும் ஓரடி எடுக்க வேண்டும். பத்திரத்தில் "வடபாதி" என்று மாத்திரம் எழுதாமல், வடக்கு வரப்பின் இரு கோடிகளிலுமுள்ள எல்லைக் கற்களிலிருந்து சாய்ந்த வரப்புகளின் வழியே எத்தனை அடியில் பிரிவுக்கோடு தொடங்கி முடிகிறதென்பதையும், அக்கோட்டின் நீளம் 130 அடி என்பதையும், இரு பாகங்களின் விஸ்தீரணத்தையும் எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிட வேண்டும். வரப்பு ஒரு மழைக்காலத்தில் கரைந்து போனாலும், கற்கள் நிற்கும் வரையில் நாடாவைப் பிடித்து அதே இடத்தில் மறுபடி போட்டுக் கொள்ளலாம்.